சுரங்கத்தின் நீளம்

கர்ட்டன் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. கடைக்காரர் டேப்பைப் பிடித்து அளவைச் சொல்வார். எதிரே துணியின் மறுமுனையைப் பிடித்து நிற்கும் அவர் மனைவி அதே அளவைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கத்தரி துணியைத் தொடும். கல்யாணமான புதிதில் ஒரு பள்ளிக்கூடத்து மேடைத் திரையை இரண்டு சாண் குட்டையாக வெட்டிவிட்டு இருவரும் திருதிருவென்று விழித்த நாளிலிருந்து வந்த சட்டம் அது.

சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கும் நாட்களிலும் இது மட்டும் நிற்காது. "நூத்திப் பத்து" என்று அவர் சுவரைப் பார்த்துச் சொல்வார். "நூத்திப் பத்து" என்று அவள் கூரையைப் பார்த்துச் சொல்வாள். துணிக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து பாடம் படிக்கும் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

மகளுக்குக் கால்கள் நீளம். ஐந்தாம் வகுப்பிலேயே அம்மாவை எட்டிவிட்டாள். "கொக்கு, அந்த மேல் பலகையிலேருந்து நீலத் துணிய எடு" என்பார் அப்பா. அவரோ குட்டை, தொப்பை வேறு, பாதங்களை ஆளுக்கொரு திசையில் வைத்து நடப்பவர். "இரு வாத்து, எடுக்குறேன்" என்பாள் அவள். அப்பாவைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது என்று அம்மா அதட்டுவாள். அதட்டும்போதே வாயைத் துணியால் மூடிக்கொள்வாள், சிரிப்பு தெரியாமல் இருக்க.

கொக்கு வளர்ந்து வேலைக்குப் போனதும் முதலில் வாங்கியது ஓட்டக்காரர்கள் கட்டும் ஒரு கைக்கடிகாரம். கறுப்பு ரப்பர் பட்டை. எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், எல்லாம் அது சொல்லும். லீவு நாளில் கால்வாய்க் கரையோடு ஓடி, ரயில் தண்டவாளங்களுக்கு அடியில் போகும் நடைபாதைச் சுரங்கத்தைக் கடந்து, அந்தப் பக்கம் வெகுதூரம் போய்த் திரும்புவாள். வந்ததும் வியர்வையோடு தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "சுரங்கத்துக்குள்ள போனதும் மறுபடியும் சிக்னல் போயிடுச்சுப்பா. சனியன் பிடிச்ச வாட்ச்" என்று திட்டுவாள்.

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. எல்லாருக்கும் வருவதுதான் என்றார்கள். அடுத்த வாரம் அந்த வீட்டில் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

அதற்குப் பின் கடையில் அளவு சொல்லும் குரலைத் தவிர வேறு பேச்சில்லை. மேல் பலகையிலிருந்து துணி எடுக்க ஒரு ஸ்டூல் வந்தது. ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் இருவரில் ஒருவர் வெளியே போய் வாசலில் நின்றுவிட்டு வருவார்.

அவருக்குச் சர்க்கரை ஏறியது. தினமும் உடம்பு அசைய வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அவர் அசைவதாக இல்லை. ஒருநாள் விடிந்ததும் மனைவி அலமாரியைத் திறந்து அந்தக் கடிகாரத்தை எடுத்துவந்து, அவர் கையைப் பிடித்து இழுத்து, தானே கட்டிவிட்டாள்.

"சும்மா தூங்குது இது. கட்டிட்டுக் கால்வாய்ப் பக்கம் போயிட்டு வாங்க. நானும் வரேன்."

அவர் ஓடினார். அதை ஓட்டம் என்று சொன்னால் ஓட்டத்துக்குக் கோபம் வரும். தொப்பை ஒரு தாளத்தில், கால் ஒரு தாளத்தில். அவள் பின்னால் நடந்துவந்து சுரங்கத்தின் வாயிலில் இருக்கும் பெஞ்சில் உட்காருவாள். அவர் சுரங்கத்துக்குள் போய் மறுமுனையைத் தொட்டுவிட்டுத் திரும்புவார். பிளாஸ்கில் கொண்டுவந்த டீயை இருவரும் குடிப்பார்கள். முதலில் டீ சூடாக இருக்கிறது, ஆறிவிட்டது என்ற அளவுக்குப் பேச்சு வந்தது. பிறகு, தினமும் எதிரே வரும் ஒரு கிழட்டு நாயைப் பற்றி வந்தது. ஒருநாள் அந்த நாய் அவரைவிட வேகமாக ஓடிப்போனபோது, "பாருங்க, அதுக்கே உங்களப் பார்த்துச் சலிச்சுப்போச்சு" என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் சொன்ன முதல் கேலி அது.

சுரங்கத்தின் வாயில் மேல் ஒரு பலகை இருந்தது. நீளம் நானூறு மீட்டர் என்று போட்டிருந்தது. ஆனால் அவர் உள்ளே போய்வரும்போதெல்லாம் கடிகாரம் ஒரு பக்கத்துக்கு ஐந்நூறு என்று காட்டியது. ஆரம்பத்தில் ஐந்நூற்று இருபதுகூடக் காட்டியதாக ஞாபகம். அளவே தொழிலானவருக்கு இது காலில் குத்திய முள்ளாக இருந்தது. இழுபட்டு நீண்டுபோன துணி டேப்பைக் கண்டால் அன்றே கத்தரித்துக் குப்பையில் போடுகிறவர் அவர். மனைவியிடம் சொல்லாமல் மொபைல் ரிப்பேர் கடைக்குப் போனார்.

கடையில் இருந்த பெண் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வாட்ச் நல்லாத்தான் இருக்கு அங்கிள். மேல சாட்டிலைட் தெரியாத இடத்துல அதுக்குக் கண்ணக் கட்டின மாதிரி. அப்போ உங்க கைவீச்ச வச்சு எத்தன அடி வச்சீங்கன்னு எண்ணிக்கும். ஒரு அடி இவ்ளோ நீளம்னு ஏற்கெனவே கத்து வச்சிருக்கும்ல, அதால பெருக்கிக்கும்."

"யாரோட அடி?"

"இதைக் கட்டிட்டு யார் வெளிய ரொம்ப நாள் ஓடுனாங்களோ, அவங்களோடது. உங்களுக்கு முன்னாடி யாராச்சும் கட்டியிருந்தாங்களா? நல்ல உயரமான ஆளா இருக்கணும்."

அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

"அதான் நீங்க வாத்து மாதிரி சின்னச் சின்னதா அடி வச்சாலும் அது பெரிய அடியா நினைச்சுக்குது" என்று சிரித்தாள் அந்தப் பெண். "பழசை அழிச்சிடலாம். ஒரு நிமிஷ வேலை." அவள் கட்டைவிரல் பொத்தானுக்குப் போனது.

அவர் பாய்ந்து பிடுங்கினார். மேசையில் இருந்த சின்ன ஆணிகள் சிதறி நாலா பக்கமும் ஓடின.

"அழிக்காத! அழிக்காதம்மா!"

அவள் பயந்துபோய்க் குனிந்து ஆணிகளைப் பொறுக்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நான் அழிக்கலன்னாலும் அதுவா மாறிடும் அங்கிள். வெளிய சிக்னல் இருக்கிற எடத்துல நீங்க ஓட ஓட, உங்க அடியைக் கத்துக்கும். ஒரேயடியா இல்ல. கொஞ்சம் கொஞ்சமா."

"கத்துக்காம நிறுத்த முடியாதா?"

"சில வாட்ச்ல முடியும். இதுல முடியாது." அவர் முகத்தைப் பார்த்தாள். "யாரோடது அங்கிள்?"

"கொக்கோடது" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் சிரிக்கவில்லை. கடிகாரக் கண்ணாடியை ஒரு மெல்லிய துணியால் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தாள்.

ஐந்நூற்று இருபது ஐந்நூறாகக் குறைந்த கணக்கு அவருக்கு வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. ஆரோக்கியம் என்று நினைத்துத் தினமும் கால்வாய்க் கரையில் அவர் ஓடியதெல்லாம், மகளின் காலடியை அவரே மிதித்து அழித்ததுதான்.

மறுநாளிலிருந்து அவர் கால்வாய்க் கரைக்குப் போகவில்லை. கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் அணைத்து வைத்து, குறுக்குத் தெரு வழியாகச் சுரங்கத்துக்கு மட்டும் போனார். உள்ளே நன்றாகப் போனபிறகு கட்டிக்கொள்வார். பொத்தானை அழுத்துவார். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிச் சுற்றி சிக்னலைத் தேடும். கிடைக்காது. கிடைக்காத வரைக்கும் அவள் பத்திரம். அவர் ஓடுவார். முனைக்கு நாலு எட்டு முன்பே நின்று எண்ணைப் பார்ப்பார். அவர் நாலு அடி வைத்த இடத்தில் அவள் தன் நீளக் காலால் நாலு அடி வைத்து அவரைவிட முன்னால் போயிருப்பாள். "கொஞ்சம் மெதுவா போயேன்டி" என்று மூச்சிரைக்கச் சொல்வார். சுவர் அந்தப் பேச்சைத் திருப்பிக் கொடுக்கும்.

சுரங்கத்தைக் கூட்டும் அம்மாள் ஒருநாள் துடைப்பத்தை ஊன்றி நின்றாள். "ஏன் சார், வெளிய இவ்ளோ ரோடு கெடக்கு. எலி மாதிரி இதுக்குள்ளயே ஓடிட்டு இருக்கீங்களே?"

"வெயில் ஒத்துக்கல."

"இந்தக் குளிர்காலத்துலயா?" என்று கேட்டுவிட்டு அவள் கூட்டிக்கொண்டே போனாள்.

மனைவியிடம் முதலில் கால்வலி என்றார். பிறகு பொய் சொல்லவும் சோம்பல் வந்து, சொல்லாமலே போனார். வரும்போது அவர் முகத்தில் ஏதோ ஒரு வெளிச்சம் இருப்பதையும், கடைக்குள் கால் வைத்ததும் அது அணைவதையும் அவள் பார்த்தாள். கேட்கவில்லை. பிளாஸ்கோடு தனியாகக் கால்வாய்க் கரையில் நடந்து, பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டு வந்தாள். சுரங்கத்தின் மறு வாயில் வழியாகப் போய் அவர் உள்ளேதான் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வாத்தியார் வீட்டுக் கர்ட்டன் திரும்பி வந்தது. ஒரு சாண் குட்டை. அவள் சமையலில் இருந்தபோது அவர் தனியாக அளந்து, தனியாகச் சொல்லி, திருப்பிச் சொல்ல ஆளில்லாமலே வெட்டியிருந்தார். "ஜன்னலுக்குக் கீழ வெளிச்சம் பல்லைக் காட்டுதும்மா" என்று வாத்தியார் மனைவி சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை அவள் பிளாஸ்கோடு குறுக்குத் தெருவில் அவர் பின்னாலேயே போனாள்.

சுரங்கத்தின் மங்கலான குழல்விளக்குகளுக்குக் கீழே அவர் வாத்துநடையில் ஓடிவருவதையும், நின்று மணிக்கட்டைப் பார்த்துச் சிரிப்பதையும், "அதானே பார்த்தேன்" என்று யாரிடமோ சொல்வதையும் தூணோரம் நின்று பார்த்தாள். புருஷனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்தாள். கோபமாகக் கேட்க வந்தவள் மெதுவாகத் தூணை விட்டு வெளியே வந்தாள்.

"என்னங்க" என்றாள்.

திருடும்போது பிடிபட்டவர்போல் அவர் கையைப் பின்னால் மறைத்தார். பிறகு, மறைத்து என்ன ஆகப்போகிறது என்று எல்லாவற்றையும் சொன்னார். ரிப்பேர் கடைப் பெண் சொன்னதை, ஐந்நூற்று இருபதை, ஐந்நூறை.

அவள் கையை நீட்டினாள். அவர் கழற்றி அவளுக்குக் கட்டிவிட்டார். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நடந்தாள். பாதியில் நடை வேகமானது. வெளிச்சத்துக்கு நாலு எட்டு முன்பு, "அங்கயே நில்லு" என்று அவர் கத்தவும் நின்றாள். எண்ணைப் பார்த்தாள்.

"என் குட்டைக் காலுக்கு இவ்ளோவா?" என்றாள். சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அந்த முனைக்குப் போனாள். மறுபடியும் வந்தாள். அவர் தடுக்கவில்லை. கூட்டுகிற அம்மாள் அன்றைக்கு அந்தப் பக்கம் கூட்டாமலே போய்விட்டாள்.

வெகுநேரம் கழித்து இருவரும் சுரங்கத்தின் படியில் உட்கார்ந்தார்கள்.

"நீண்டுபோன டேப்பைக் குப்பையில போடுற ஆளு நீங்க" என்றாள்.

"இது டேப் இல்ல."

"தெரியும்." கடிகாரத்தைக் கழற்றி அவர் மடியில் வைத்தாள். "கால்வாய்க் கரையில நான் மட்டும் தனியா நடக்கிறேன். அந்தக் கிழட்டு நாய்கூட நின்னு பின்னாடி பார்க்குது, எங்க அந்த ஆளுன்னு. அதுக்கு என்ன சொல்றது? மகள் வீட்டுக்குக் குடிபோயிட்டாரு, என்னைக் கூப்பிடலன்னு சொல்லவா?"

"வாட்ச்ச வீட்டுல வச்சுட்டு வரேன். வெறும் கையோட ஓடறேன்."

"அலமாரியிலயா? மறுபடியும் தூங்கவா?" அவள் தலையை ஆட்டினாள். "ரெண்டு நிமிஷம் சும்மா கிடக்காத காலு கொக்கோடது. இந்த இருட்டுலயும் வேணாம், அலமாரியிலயும் வேணாம். எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியல. நான் பெஞ்சுல இருக்கேன். டீ ஆறிடும்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கால்வாய்ப் பக்கத்து வாயிலை நோக்கி நடந்தாள்.

அவர் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வாயில்வரை வந்தார். நிழல் முடிந்து வெயில் தொடங்கும் கோட்டில் நின்றார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பெஞ்சில் அவளுடைய முதுகு தெரிந்தது. டீயை ஊற்றாமல் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த முதுகு ரொம்பச் சின்னதாகிவிட்டதை அப்போதுதான் பார்த்தார்.

கோட்டைத் தாண்டினார். கடிகாரம் மணிக்கட்டில் ஒருமுறை அதிர்ந்தது. சிக்னல் கிடைத்துவிட்டது.

அதன்பிறகு தினமும் கரையில் ஓடினார். தினமும் சுரங்கத்துக்குள் போய்வந்தார். வெளியே வந்ததும் மனைவி, "எவ்வளவு?" என்பாள். நானூற்று எண்பது. நானூற்று அறுபது. சில நாள் ஒரே இடத்தில் நிற்கும். அன்றைக்கு டீ கொஞ்சம் இனிக்கும். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் இறங்கும். நானூற்று முப்பதில் ஒருநாள் அவர் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். அவள் உள்ளே வந்து, கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டுக் கூட்டிப்போனாள்.

மழைக்காலம் வந்து போனது. கடையில் ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடியது. அவர் அதை ஆணியடித்து நிறுத்தினார்.

ஒரு காலை அவர் சுரங்கத்திலிருந்து நடந்தே வெளியே வந்தார். பெஞ்சுக்கு எதிரே வந்து நின்றார். மேலே பலகையைப் பார்த்தார், மணிக்கட்டைப் பார்த்தார். அவள் எவ்வளவு என்று கேட்கவில்லை.

"நானூறு" என்றார் அவர், கடையில் சொல்கிற அதே குரலில்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். கால்வாயில் தண்ணீர் போகும் சத்தம் கேட்டது. அவர் காத்திருந்தார். அவள் திருப்பிச் சொல்லாதவரை ஒன்றும் வெட்டுப்படாது என்பது இருவருக்கும் தெரியும்.

கிழட்டு நாய் வந்தது. இருவரையும் பார்த்தது. பெஞ்சுக்குக் கீழே படுத்துக்கொண்டது.

"நானூறு" என்றாள் அவள்.