காருக்குப் பிடித்த காரை

கண்ணாடிக்கடைக்காரருக்கு வீட்டில் வக்கீல் என்று பேர். சட்டம் படித்தவர் இல்லை, மூக்குக்கண்ணாடி விற்பவர். ஆனால் எந்தப் பேச்சையும் வாதாடி ஜெயிக்காமல் விடமாட்டார். குழாய் சரிசெய்ய வந்தவரிடம் குழாயைப் பற்றியும், டாக்டரிடம் தன் காய்ச்சலைப் பற்றியும் மல்லுக்கு நின்றவர். அப்படிப்பட்டவர் கார் வாங்கப் போன அன்று மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஷோரூமில் நின்ற வெள்ளை வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "இதுதான்," என்றார். விலையில்கூடப் பேரம் பேசவில்லை. அவர் மனைவிக்கு, காய்ச்சலா என்று அவரைத் தொட்டுப் பார்க்கலாமா என்று தோன்றியது.

அந்தக் குடும்பத்தில் அதற்கு முன்னால் யாரும் கார் வைத்திருந்ததில்லை. வண்டி வாசலுக்கு வந்த நாளிலிருந்து வக்கீல் ஜன்னலைத் திறந்து அதைப் பார்த்த பிறகுதான் பல் தேய்க்கப் போவார். கடைக்கு மட்டும் பழையபடி நடந்தே போய் வந்தார்.

"வாசல்ல நிறுத்தி அழகு பார்க்கவா வாங்கினீங்க? என்னைக்காவது நானும் ஏறலாமா?" என்று மனைவி கேட்டாள்.

"வெளியே எடுத்தா தூசி படியும். நீ ஏறணும்னா சொல்லு, நின்ன இடத்திலேயே ஏறி உட்காரலாம்."

மூன்றாவது வாரம், காலை வெயிலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அவர் கண்ணில் பட்டது. பானெட் முழுக்கக் கடுகைவிடச் சின்னதாகச் செம்பழுப்புப் புள்ளிகள். சோப்பு போட்டுத் தேய்த்தார். போகவில்லை. நகத்தால் சுரண்டப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். கடைக்கு ஓடி, லென்ஸில் கீறல் பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து பானெட்டின் மேல் குனிந்தார். சந்தேகமே இல்லை, துரு. மேல்கூரையிலும் இருந்தது.

இருந்த ஈரச் சட்டையோடு ஷோரூமுக்குப் போனார்.

சர்வீஸ் மேனேஜர் பொறுமையான ஆள். "சார், வண்டி ரயில்ல வரும்போது சக்கரத்திலிருந்தும் தண்டவாளத்திலிருந்தும் இரும்புத் தூள் பறக்கும். அது மேல ஒட்டி, ஈரம் பட்டதும் துருவாத் தெரியும். சுத்தம் பண்ணித் தர்றோம், போயிடும்," என்றார்.

வக்கீல் விடுவாரா? துரு மேலே இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்று எப்படித் தெரியும், யார் பார்த்தது, எதை வைத்துப் பார்த்தது, நாளைக்குத் தகடே ஓட்டையானால் யார் பொறுப்பு என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். மேனேஜருக்கு மூச்சு வாங்கியது. கடைசியில், "சரி சார். உங்களுக்குத் திருப்தி இல்லேன்னா பானெட்டையும் கூரையையும் சுரண்டிட்டு மறுபடி பெயின்ட் அடிச்சுத் தந்துடறோம். வர்ற திங்கட்கிழமை கொண்டு வாங்க," என்றார்.

வாதத்தில் ஜெயித்தாயிற்று. ஆனால் வீட்டுக்கு வந்த வக்கீலின் முகம் சுண்டிப்போயிருந்தது. புத்தம் புது வண்டி. அதன் சொந்தப் பெயின்டைச் சுரண்டிவிட்டு வேறு பெயின்ட் பூசப் போகிறார்கள். அதுவும் அவரே வாதாடி வாங்கிக்கொண்டு வந்தது. சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டார்.

அவர் மனைவி நாத்தனாருக்கு ஃபோன் போட்டாள். "பாப்பா, கொஞ்சம் வந்துட்டுப் போயேன். உங்க அண்ணனைப் பார்க்கச் சகிக்கலை."

வக்கீலுக்கு ஒரே தங்கை. நாற்பது வயது தாண்டியும் எல்லோருக்கும் பாப்பாதான். பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்யும் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை, சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பவர்களின் பல்லில் இறுகிப்போன காரையை நுனி வளைந்த கருவியால் எடுத்துக்கொண்டிருப்பாள். சாதுவான பெண். அண்ணன் பேசும் இடத்தில் அவள் பேசி யாரும் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமே வந்தாள். வண்டியைச் சுற்றி நடந்தாள். அண்ணன் பின்னாலேயே பூதக்கண்ணாடியோடு போனார். "இதைப் பாரு. இதோ, இங்கே பாரு. உள்ளே இறங்கிடுச்சு."

அவள் பூதக்கண்ணாடியை வாங்கிக்கொள்ளவில்லை. கைப்பையிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டாள். கழுவியிருந்த பானெட்டின் மேல் விரல் நுனிகளை லேசாக ஓட்டினாள். எதையோ கேட்பவள்போலத் தலையைச் சாய்த்திருந்தாள்.

"என்னடி பண்றே? பை எதுக்கு?"

"வெறுங்கையால தொட்டா வழுவழுன்னுதான் இருக்கும். நடுவுல ஒரு தாள் இருந்தா சின்ன மேடுகூடப் பெருசாத் தெரியும். எங்க டாக்டரம்மா அவங்க காருக்கு இப்படித்தான் பார்ப்பாங்க, அவங்க சொல்லித் தெரியும். நீயும் தொட்டுப் பாரு."

அவர் பையை மாட்டித் தொட்டார். உப்புத்தாள் மாதிரி இருந்தது. அவருக்கு இன்னும் பயம் அதிகமாகிவிட்டது.

"அண்ணா, பள்ளமாயிருந்தா விரல் இறங்கும். இது ஏறுது. மேலதான் ஒட்டிட்டிருக்கு. பல்லுல காரை பிடிக்குற மாதிரி. மஞ்சளா, கருப்பாத் தெரிஞ்சதும் பல்லே சொத்தைன்னு பயந்துட்டு வருவாங்க. காரையை எடுத்துட்டா உள்ளே நல்ல பல்லு இருக்கும்."

"காருக்குக் கூடவா காரை பிடிக்கும்?" என்று அண்ணி சிரித்தாள். வக்கீல் சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை ஒரு நாள் எனக்குக் குடு. போகலேன்னா திங்கட்கிழமை நீயே கொண்டுபோய்ப் பெயின்ட் அடிச்சுக்கோ," என்றாள் பாப்பா. அவள் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். அதனாலேயே அவருக்கு மறுக்க வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கூடையோடு வந்து இறங்கினாள். இரும்புத் தூளைக் கரைக்கும் திரவம் ஒரு பாட்டில், களிமண் உருண்டைபோலப் பிசைய வரும் ஒரு பொருள், தெளிப்பான், மெத்தென்ற துணிகள், மெழுகு டப்பா. கூடவே மருத்துவமனையில் போடும் கையுறையும் முகமூடியும். பாட்டிலில் அச்சடித்திருந்ததை அவள் இரண்டு தடவை நிதானமாகப் படித்தாள். வண்டியை நிழலுக்கு நகர்த்தச் சொன்னாள். தகட்டைத் தொட்டு, சூடு ஆறும்வரை காத்திருந்தாள். அப்புறம் நன்றாகக் கழுவி, பின்கதவின் அடியில், யார் கண்ணிலும் படாத ஓரத்தில், இரண்டே பீச்சு பீச்சினாள்.

வக்கீல் குத்துக்காலிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைப் பெயின்டின் மேல் ஊதாப் புள்ளிகள் முளைத்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை ஊதாக் கோடுகளாக வழிய ஆரம்பித்தன. அழுகிய முட்டை நாற்றம் வேறு.

"ஐயையோ, பெயின்ட் கரையுது!" என்று அலறிக்கொண்டு எழுந்தார். மாடியிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்து, "என்ன ஆச்சு? யாருக்கு அடிபட்டது?" என்று கத்தினாள். வக்கீல் தண்ணீர்க் குழாயைப் பிடுங்கி வண்டியையும் தங்கையையும் சேர்த்து நனைத்தார்.

பாப்பா முகமூடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கோபப்படவில்லை. "பெயின்ட் வெள்ளை. அது கரைஞ்சா ஊதாவா வரும்? அது இரும்பு கரையுறது, அண்ணா. நல்லவேளை, நீயே கழுவிட்டே, காயறதுக்குள்ள கழுவணும்னுதான் போட்டிருக்கு. இப்பப் பாரு."

அவர் பூதக்கண்ணாடியோடு மண்டியிட்டார். அந்த ஓரத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. பெயின்ட் அப்படியே இருந்தது. ரொம்ப நேரம் எழுந்திருக்காமல் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவர் குறுக்கே வரவில்லை. பாப்பா ஒவ்வொரு பாகமாகத் திரவத்தைப் பீச்சி, ஊதா வழிந்ததும் கழுவிவிட்டாள். பானெட் கழுவியபோது தரையில் ஓடிய தண்ணீரைப் பார்த்து வக்கீலுக்கே மலைப்பாக இருந்தது. இவ்வளவு இரும்பையும் சுமந்துகொண்டா வண்டி அவர் வாசலில் பளபளவென்று நின்றது!

அடுத்தது களிமண். திரவத்துக்கு மசியாத பிசினையும் தாரையும் மிச்சத் துகளையும் அதுதான் எடுக்க வேண்டும். பாப்பா ஒரு துண்டைக் கிள்ளி உள்ளங்கையில் தட்டையாக்கினாள். சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அதன் மேல் களிமண்ணை வழுக்கவிட்டாள். நேர்கோட்டில் போய், நேர்கோட்டில் திரும்பி வந்தாள். முதலில் சரசரவென்று மெல்லிய சத்தம் கேட்டது. இரண்டு மூன்று தடவை போய் வந்ததும் சத்தம் அடங்கியது. அடங்கியதும் நிறுத்தினாள். களிமண்ணைத் திருப்பிக் காட்டினாள். வண்டியில் பட்ட பக்கமெல்லாம் அழுக்கு. அதை உள்ளே மடித்துப் பிசைந்து, சுத்தமான பக்கத்தை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போனாள்.

வக்கீல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடித்தும் பிடிக்காததுமாக இருந்தது பிடி. தோளிலிருந்து விரல்வரை எங்கேயும் அவசரம் இல்லை. இருபது வருஷமாக இவள் வேலைக்குப் போய் வருகிறாள். என்ன வேலை என்று கேட்டால், 'பல் ஆஸ்பத்திரியில இருக்கா' என்று சொல்வார். அவள் வேலை செய்து அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"நான் ஒரு பக்கம் பண்றேனே," என்றார்.

ஒரு துண்டு கொடுத்தாள். அவர் பலம் கொண்ட மட்டும் அழுத்தினார்.

"அழுத்தாதே. கத்துறதுக்கு வண்டிக்கு வாய் இல்லேன்னு அழுத்தக்கூடாது. வழுக்கவிடு."

இரண்டாவது இழுப்பில் களிமண் கை நழுவித் தரையில் விழுந்தது. அவர் எடுத்துத் துடைத்தார். பாப்பா அதை வாங்கிக் குப்பையில் போட்டாள்.

"துடைச்சுட்டேன்ல? அவ்வளவு பெரிய துண்டை ஏன் போடறே? மண்ணு இருந்தா கண்ணுக்குத் தெரியாதா? கண்ணைப் பத்தி எனக்குத் தெரியாததா?"

"கீழ விழுந்த லென்ஸைத் துடைச்சுக் கஸ்டமருக்கு மாட்டி அனுப்புவியா?"

வக்கீல் புதுத் துண்டுக்குக் கையை நீட்டினார். மாடி ஜன்னலில் அண்ணி சேலைத் தலைப்பால் சிரிப்பை மறைத்துக்கொண்டாள்.

மதியத்துக்குமேல் ஆகிவிட்டது. பாப்பாவுக்கு முழங்கை வலித்தது. மாற்றுக் கையால் செய்தாள். கூரையில் மட்டும், பின்கண்ணாடியை ஒட்டி, ஏழெட்டுப் புள்ளிகள் போகவில்லை. விரலை ஓட்டிப் பார்த்தாள். இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள். களிமண்ணைக் கீழே வைத்துவிட்டாள்.

"இதுக்கு மேல நான் தொடமாட்டேன். இது பெயின்டுக்குள்ள கொஞ்சம் கடிச்சிருக்கு. தேய்ச்சா மேல்பூச்சுதான் போகும்."

"இவ்வளவு பண்ணிட்டு இதை விடறதா? இன்னும் ரெண்டு இழு, போயிடும்."

"போகாது, அண்ணா."

அவள் கை கழுவிக்கொண்டு தேநீர் குடிக்க உள்ளே போனாள். வக்கீலுக்கு மனசு கேட்கவில்லை. களிமண்ணை எடுத்து, தண்ணீர் தெளிக்க மறந்து, அந்த இடத்தில் வைத்து வைத்துத் தேய்த்தார். பாப்பா திரும்பி வந்தபோது கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு மூச்சுப்பட்ட கண்ணாடிபோல மங்கிக் கிடந்தது. புள்ளிகள் அப்படியே இருந்தன.

அவர் குற்றவாளிபோல நின்றார். திட்டுவாள் என்று காத்திருந்தார். பாப்பா விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஆழமில்லை. மெஷின் வச்சுப் பாலிஷ் போட்டா வந்துடும். நாளைக்கு அந்த மேனேஜர்கிட்ட கேட்போம். நானும் அரை நாள் லீவு சொல்லிட்டு வர்றேன்," என்றாள். அப்புறம் மெழுகு டப்பாவைத் திறந்து, "வா, இதை நீ போடு. இதுல நீ எவ்வளவு மெதுவாப் போட்டாலும் தப்பில்லை," என்றாள்.

சாயங்கால வெளிச்சத்தில் அண்ணி கீழே இறங்கி வந்து பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவினாள். கை நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது. "அம்மாடி!" என்றாள். திரும்பவும் தடவினாள்.

திங்கட்கிழமை ஷோரூமில் மேனேஜர் பெயின்ட் அடிக்கிற ஆட்களைத் தயாராக வைத்திருந்தார். வண்டியைப் பார்த்ததும் புருவத்தைச் சுருக்கினார். பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தார்.

"யார்கிட்ட குடுத்தீங்க சார்? கை தேர்ந்த ஆளா இருக்காரே."

"ஆளா? இதோ நிக்கிறாளே, இவதான். எங்க வீட்டு வாசல்லதான் பண்ணினா," என்றார் வக்கீல். "பெயின்ட் வேணாம். கூரையில ஒரு இடம் மட்டும் பாலிஷ் போட்டுக் குடுங்க. அது நான் கெடுத்தது." இதைச் சொல்லும்போது அவர் குரலில் வாதமே இல்லை. மேனேஜர் வேறு யாரோ வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பார்.

பாலிஷ் மெஷின் சுற்ற ஆரம்பித்ததும் பாப்பா பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். வேகம் எவ்வளவு, எப்போது நிறுத்துவீர்கள், சூடு ஏறினால் கையில் தெரியுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மேனேஜர் அலுத்துக்கொள்ளவில்லை; நிறுத்தி நிறுத்திக் காட்டினார். மங்கல் போயிற்று. புள்ளிகளில் இரண்டு மட்டும் மிச்சம் இருந்தன. இன்னும் போகட்டுமா என்று மேனேஜர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தங்கையைப் பார்த்தார். அவள் தலையசைத்து மறுத்தாள். "இருக்கட்டும் சார்," என்றார் அவர்.

"ஒரே ஒரு தடவை நான் பிடிச்சுப் பார்க்கலாமா?" என்று பாப்பா மேனேஜரைக் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே ஒரு பழைய கதவுத் தகட்டை எடுத்து வைத்து, மெஷினை அவள் கையில் கொடுத்தார். முதலில் அது அவளை ஒரு பக்கமாக இழுத்தது. காலை அகட்டி ஊன்றிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மெஷின் அவள் சொன்னபடி போய் வந்தது. வேலையாட்கள் இரண்டு பேர் கையிலிருந்ததை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

தன் வண்டிக்காக நாற்காலியில் காத்திருந்த ஒருவர் வக்கீலின் பக்கம் சாய்ந்தார். "அந்தம்மா இங்கே வேலை செய்யறாங்களா சார்? நம்ம வண்டியை அவங்ககிட்ட குடுத்தா நல்லாயிருக்கும் போலிருக்கே."

"இல்லைங்க. என் தங்கச்சி," என்றார் வக்கீல். "பல் சுத்தம் பண்றவ."

கேட்டவருக்கு ஒன்றும் புரியவில்லை. வக்கீல் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.