உப்பில்லாக் கஞ்சி

விடிந்ததிலிருந்து மூன்றாவது தடவையாக மருதமுத்து வாசல் சிமெண்டில் சாம்பலைக் கொட்டி விளக்குமாற்றால் தள்ளினார். கழிந்து வைத்த ஜிம்மியோ, வேறு யாரோ செய்த காரியம் போல மூலையில் சுருண்டு கிடந்தது. மூன்று மாதம்கூட ஆகாத நாய்க்குட்டி. வந்த அன்று உருண்டையாக இருந்தது. இப்போது முதுகைத் தடவினால் எலும்பு எலும்பாகக் கையில் தட்டுப்பட்டது.

அவருக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பெரியாஸ்பத்திரிச் சமையல்கட்டில் ஒன்பது வருஷமாக நோயாளிக் கஞ்சி அவர் பொறுப்பு. பேதி கண்டவருக்கு ஒரு பதம், அறுத்துத் தைத்தவருக்கு ஒரு பதம், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு பதம் என்று தண்ணீர் பார்த்து இறக்குவார். அவர் கஞ்சியைக் குடித்துத் தெம்பாகி எழுந்துபோனவர்கள் அவர் குடியிருக்கும் காஜா பெராங் பகுதியிலேயே எத்தனையோ பேர். இந்த ஒரு சாண் வயிறு மட்டும் அவருக்கு அடங்க மாட்டேன் என்றது.

மாட்டாஸ்பத்திரியில் மருந்து கலக்கும் பொன்னுதுரை யாழ்ப்பாணத்துக்காரர். போன திங்கட்கிழமை குட்டியின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுத் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்.

"பூச்சிமருந்து குடுத்தாச்சு. இனிச் சாப்பாடுதான் மருந்து. நல்லாக் குழைஞ்ச கஞ்சி, தோல் எடுத்து அவிச்ச கோழி. உப்பு வேண்டாம். நாளுக்கு நாலு தரம், கொஞ்சங் கொஞ்சமா. பால் ஒரு சொட்டும் குடுக்கக் கூடாது, விளங்கிச்சோ? சனிக்கிழமைக்குள்ள வயிறு கட்டாட்டிக் குட்டி தங்காது."

இன்று வியாழன். சொன்னதில் ஒன்றுகூட மருதமுத்து தவறவிடவில்லை. அரிசியை மாற்றினார். கோழியை நிறுத்திப் பார்த்தார். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுத்தார். பக்கத்து வீட்டார் மீன்தலை வீசுகிறார்கள் என்று ஒரு சண்டையும் போட்டு முடித்தாயிற்று. ஊரே மெர்டேக்கா, மெர்டேக்கா என்று வரப்போகும் சுதந்திரத்துக்குக் கொடித்துணி தைத்துக்கொண்டிருக்க, இவர் நாய்ப்பேதியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரி பூங்காவனம் இதில் ஒத்தாசைக்கு வருவாள் என்றால் அதுவும் இல்லை. குட்டியை மடியை விட்டு இறக்காதவள், கஞ்சி கொதிக்கும் வாசனை வந்தால் மட்டும் அடுப்படியை விட்டு எழுந்து பின்பக்கம் போய்விடுவாள். அவளுக்குக் காய்ச்சல் வந்தாலும் ரொட்டிதான், கஞ்சி கிடையாது. அது அவள் குணம் என்று அவரும் விட்டுவிட்டார். காலையில் கஞ்சியைக் காய்ச்சி அவர் ஒரு வேளை ஊட்டிவிட்டுப் போவார். பகல் வேளைக் கஞ்சியை அவள் ஊற்றிவைப்பாள். அவ்வளவுதான் அவள் வேலை.

அன்று வேலையில் மனம் ஓடவில்லை. கூட்டாளி ஒருவரிடம் சொல்லிவிட்டு மத்தியானமே சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்தார். ஜிம்மி அப்போதுதான் தட்டை நக்கி முடித்திருந்தது. தட்டைக் கழுவக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். விளிம்பைச் சுற்றி எறும்பு மொய்த்திருந்தது. உப்பும் இல்லாத சர்க்கரையும் இல்லாத கஞ்சிக்கு இத்தனை எறும்பு எதற்கு வருகிறது?

தட்டை மோந்து பார்த்தார். நேராக அடுப்படிக்குப் போனார். அரிசிப் பானைக்குப் பின்னால், தண்ணீர் ஊற்றிய சாசருக்கு நடுவில், இரண்டு துளை போட்டுக் காகிதம் அடைத்த, சர்க்கரை போட்ட டின்பால் டப்பா இருந்தது. டப்பாவுக்கு எறும்பு வராமல் பார்த்துக்கொண்டவள் நாயின் தட்டை மறந்திருக்கிறாள்.

"பூங்கா!"

கொல்லையிலிருந்து வந்தவள் அவர் கையைப் பார்த்தாள். மறைக்கவில்லை.

"ஒரு கரண்டிதாங்க ஊத்துவேன். அதுக்கு மேல இல்ல."

"பால் ஆகாதுன்னு அந்த மனுஷன் தலபாடா அடிச்சிக்கிட்டாரே! நானும் உங்கிட்ட சொன்னேனே! நாலு நாளா நாந்தான் எங்கயோ தப்புப் பண்றேன்னு மண்டைய ஒடைச்சிக்கிறேன். அது சாவப்போவுதுடி!"

"வெறுங்கஞ்சிய வச்சா அது மொகத்தத் தூக்கி என்னையே பாக்குது. என்னால முடியல." அவள் குரல் உயரவே இல்லை. "ஜப்பான்காரன் காலத்துல நம்ம வேணியும் அப்படித்தான் பாத்தா. மரவள்ளிக் கஞ்சிய ஊத்துறப்பல்லாம் பாத்தா. ஒரு டின்பால் கெடைக்குமான்னு நான் ஏறாத வாசல் இல்ல."

 அந்தக் காலத்தில் மருதமுத்துவை ஜப்பான்காரர்கள் பிடித்துப்போயிருந்தார்கள்; சயாம் ரயில் ரோட்டில் மண் சுமந்துகொண்டிருந்தார். திரும்பி வந்தபோது வீட்டில் பூங்காவனம் மட்டும் இருந்தாள். மகள் கடைசியில் என்ன சாப்பிட்டாள் என்று இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கப் பயம். அதற்கப்புறம் அவர்களுக்குப் பிள்ளையும் இல்லை.

 இனி அவளிடம் கத்த முடியாது. ஆனால் விட்டுக்கொடுத்தால் குட்டி போய்விடும். டப்பாவை மெல்லக் கீழே வைத்தார்.

"அவளுக்குப் பசி, பூங்கா. இதுக்கு வயித்துல கோளாறு. அவளுக்கு வேணும்னு இருந்துச்சு, கெடைக்கல. இதுக்கு வேணாம்."

  பூங்காவனம் தட்டைத் தானே எடுத்துப்போய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள்.

சாயங்கால வேளைக்குக் கஞ்சி கொதித்தபோது அவள் பின்பக்கம் போகவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவரை எழவிடாமல் தானே கரண்டியை வாங்கி ஜிம்மியின் தட்டில் ஊற்றி ஆற்றினாள். மிச்சத்தை ஒரு கிளாசில் ஊற்றிக்கொண்டு குட்டிக்கு எதிரிலேயே தரையில் அமர்ந்தாள். ஒரு வாய் குடித்தாள்.

"உப்பு போடலியா?"

"போடக் கூடாது."

"அன்னிக்கும் உப்பு இல்ல" என்றாள்.

ஜிம்மி தட்டை முகர்ந்துவிட்டு முகத்தைத் தூக்கி அவளைப் பார்த்தது. அவளும் அதையே பார்த்துக்கொண்டு, கிளாசை இரண்டு கையாலும் பிடித்து அடுத்த வாயைக் குடித்தாள்.