இரண்டு பேஸ்மென்ட்டும் ஒரு ஆறும்

2022 மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, பார்சிப்பனியில் ஷாஹுல் வீட்டு பேஸ்மென்ட்டுக்குள் ஓர் ஆறு வந்து சேர்ந்தது. மேற்குச் சுவரில் வாட்டர் ஹீட்டருக்குப் பக்கத்தில் நுழைந்து, கார்ப்பெட்டின் மேல் முழங்கால் ஆழத்தில் ஓடி, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரைக் கடந்து ஐசக் வீட்டு பேஸ்மென்ட்டுக்குப் போய், அங்கே டிரையருக்கு அடியில் மறைந்தது. சுவரில் ஒரு விரிசல்கூட இல்லை. பிளம்பர் வந்து குழாய் எதுவும் உடையவில்லை என்று சொல்லி, நூற்று எண்பது டாலர் வாங்கிக்கொண்டு போனார். தேங்கிய தண்ணீருக்குத்தான் பாலிசி, ஓடுகிற தண்ணீருக்கு இல்லை என்று இன்ஷூரன்ஸ்காரர் பொறுமையாக விளக்கினார். ஐசக்கின் மகள் ரெபெக்கா மாடிப்படியில் நின்று பார்த்து, "இட்ஸ் ஜஸ்ட் எ ரிவர், அம்மா" என்று சொல்லிவிட்டு ஸ்கூல் பஸ்ஸுக்கு ஓடினாள்.

தண்ணீர் சாம்பல் நிறத்தில், பல் கூசும் குளிர்ச்சியோடு இருந்தது. அது எந்த ஆறு என்று இரண்டு ஆண்களுக்கும் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, ஏனென்றால் இருவரும் அந்த ஆற்றை வைத்துத்தான் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். அந்த ஆறு பனிமலையில் ஒரு நாட்டில் பிறந்து சமவெளியில் இன்னொரு நாட்டுக்குள் இறங்குகிறது. மலை நாட்டுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் கம்பெனியில் ஷாஹுல் இருந்தார். சமவெளி நாட்டுக்குக் கணக்குப் போடும் வேறொரு கம்பெனியில் ஐசக் இருந்தார். இரண்டு ஆபீசும் 46ஆம் ரூட்டில் எதிரெதிரே இருந்தன. எல்லையில் ஓர் அணை கட்டி மின்சாரம் எடுப்பது பற்றிய பேச்சுவார்த்தை இவர்கள் பிறப்பதற்கு முன்பே தொடங்கியது. எங்கள் பள்ளத்தாக்கு மூழ்கும், சும்மா எப்படித் தண்ணீர் விடுவது என்றது மலை நாடு. தண்ணீர் தானாகத்தான் கீழே வருகிறது, அதற்கென்ன விலை என்றது சமவெளி நாடு. வேலையைப் பற்றி எதிர்த்தரப்பிடம் மூச்சு விடக் கூடாது என்று இரண்டு கம்பெனியும் எழுதி வாங்கியிருந்ததால், ஷாஹுலும் ஐசக்கும் வேலியருகே புல் வெட்டுவதைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

பேஸ்மென்ட்டில் செய்வது அந்த நாடுகளிலும் நடக்கும் என்பதைக் கண்டுபிடித்தவர் ஷாஹுலின் மனைவி ஹபீஸா. அடிப்பிடித்த பிரியாணி தேக்சாவை அவர் ஊறுவதற்காக ஆற்றில் வைத்த அன்று, சமவெளி நாட்டில் நீர்மட்டம் காரணமில்லாமல் ஒரு விரல் குறைந்ததாகச் செய்தி வந்தது. தேக்சாவை எடுத்ததும் சரியாகிவிட்டது. அதன் பிறகு அவர் ஸிங்க்கிலேயே கழுவிக்கொண்டார்.

ஹபீஸா மண்ணடிக்காரர், ஐசக்கின் மனைவி ஜெயலீலா பெரம்பூர்க்காரர். பெருநாளைக்கு பிரியாணி ஒரு எவர்சில்வர் தூக்கில் கிழக்கே போகும். கிறிஸ்துமஸுக்கு அதே தூக்கில் கல்கலா பலகாரம் மேற்கே வரும். நடுவிலும் ஏதாவது போய் வந்துகொண்டே இருக்கும். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரும் வழக்கம் இரண்டு வீட்டிலும் இல்லை. வீட்டில் ஒன்றுமே இல்லாத நாளில் ஜெயலீலா ஒரு கைப்பிடி சர்க்கரை போட்டு அனுப்புவார். தூக்கு முதலில் யாருடையது என்பதே மறந்துபோயிருந்தது.

2024 ஜனவரியில் பேச்சுவார்த்தை முறிந்தது. மலை நாட்டின் தூதுக்குழு சாப்பாட்டு நேரத்தில் எழுந்து போய்விட்டது. அன்று மாலை வீட்டுக்கு வந்த ஷாஹுல், ஷூவைக்கூடக் கழற்றாமல் கீழே இறங்கி, விருந்துக்கென்று வாங்கி வைத்திருந்த மடக்கு மேஜையை ஆற்றின் குறுக்கே சாய்த்து வைத்தார். படித்த மனிதர் செய்கிற காரியமா இது என்று கேட்டால் இல்லைதான், ஆனால் செய்தார். ஐசக் வீட்டில் ஆறு கணுக்காலுக்கு இறங்கியது. சமவெளி நாட்டில் ஊர் ஊராகக் கரண்ட் போனது. அந்த வருடம் நோன்புக் கஞ்சி பிளாஸ்டிக் டப்பாவில் போனது. "டப்பாவத் திருப்பித் தர வேணாம்" என்று ஹபீஸா வாசலிலேயே சொல்லிவிட்டு வந்தார். அதைவிடக் கடுமையான வார்த்தை இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் வந்ததில்லை. முந்தின கிறிஸ்துமஸுக்கு வந்த தூக்கு ஹபீஸாவின் அலமாரியிலேயே தங்கிவிட்டது.

ஏப்ரலில் ஃபேஸ்புக்கில் பழைய சாமான் விற்கும் பக்கத்தில் ஹபீஸா ஒரு சோஃபாவின் படத்தைப் பார்த்தார். அதில் எத்தனையோ மாலைகள் உட்கார்ந்திருந்ததால் உடனே அடையாளம் தெரிந்தது. போன் பண்ணி, புதுசு வாங்குகிறீர்களா என்று கேட்டார்.

"இல்ல ஹபீஸா," என்றார் ஜெயலீலா. "மே முடியறதுக்குள்ள கையெழுத்தாகலன்னா இவரு ப்ராஜெக்ட்ட க்ளோஸ் பண்றாங்களாம். வேல போச்சுன்னா விசாவும் போச்சு. ரெபெக்காவுக்கு இன்னும் ஒரு வருஷம் ஸ்கூல் இருக்கு."

ஐசக் பதினோரு வருடமாக க்ரீன் கார்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். ஷாஹுலுக்கு அது எப்போதோ வந்துவிட்டது. ஹபீஸா நேராகக் கணவரிடம் போய் மேஜையை எடுக்கச் சொன்னார். அது கிளையன்ட்டின் தண்ணீர், சும்மா எப்படி விடுவது என்று ஷாஹுல் கேட்டார்.

"ஜெயா தூக்கு நாலு மாசமா நம்ம அலமாரியில கெடக்குது. அதுக்கு என்னங்க கணக்கு வெச்சிருக்கீங்க?"

ஹபீஸாவே கீழே இறங்கி மேஜையை இழுத்துப் போட்டார். பெருநாள் பிரியாணியைத் தூக்கில் போட்டு இறுக்கி மூடினார். நோன்பு முழுக்க டப்பாவில் கொடுத்துவிட்டு இப்போது தூக்கோடு அந்த வாசலில் போய் நிற்க அவருக்கு வெட்கமாக இருந்தது, அதனால் ஆற்றில் விட்டார். தூக்கு மிதந்து சுவருக்குள் போய்விட்டது.

ஜெயலீலா அதைப் பார்த்ததும் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதார். பிரியாணியை வேறு பாத்திரத்துக்கு மாற்றித் தூக்கைக் கழுவிய பிறகுதான், சாமான்களைக் கட்டிப் பெட்டியில் போட்ட வீட்டில் சர்க்கரைகூட இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு ஏறி, பிளக் பிடுங்கியிருந்த டிரையர் தானாகச் சுற்றத் தொடங்கியிருந்தது. வேறு வழியில்லாமல் அதிலிருந்து வந்த கரண்டையே தூக்கில் பிடித்து, மூடி, தண்ணீரில் வைத்தார். தூக்கு ஓட்டத்துக்கு எதிராக மெதுவாக நகர்ந்து மேற்கே போனது. ஷாஹுல் மூடியைத் திறந்ததும், கீழே எரியாமல் கிடந்த ட்யூப்லைட்டுகள் எரிந்தன. மேலே மைக்ரோவேவ் சரியான மணி காட்டியது. அவர் ஐசக்குக்குப் போன் செய்தார்.

மறுநாள் இரண்டு ஆண்களும் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்ததை மீறி, 46ஆம் ரூட்டில் ஒரு டோனட் கடையில் உட்கார்ந்து பேசி ஒரு பத்தி எழுதினார்கள். மலை நாடு மழைத் தண்ணீரைத் தேக்கி வைத்து வறண்ட மாதங்களில் விடும். அதனால் கூடுதலாகக் கிடைக்கும் மின்சாரத்தில் பாதியைச் சமவெளி நாடு மேலே அனுப்பும். ஒருபோதும் வெறுமையாக விடாது. இரண்டு கம்பெனியின் அறிக்கையிலும் இந்தப் பத்தி கமா உட்பட ஒரே மாதிரி இருந்ததை யாரும் கவனிக்கவில்லை, அறிக்கைகளை அவ்வளவு தூரம் யார் படிக்கிறார்கள். மே கடைசி வாரத்தில் கையெழுத்தானது. ஐசக்குக்கு வேலை தங்கியது. சோஃபா மட்டும் அதற்குள் விலைபோய் எடிசன் ஊருக்குப் போய்விட்டதால், ஜெயலீலா கொஞ்ச நாள் ஹபீஸாவின் சோஃபாவில் உட்கார்ந்தார்.

ஆறு இன்னும் ஓடுகிறது. ஆற்றங்கரைச் சொத்து என்று டவுன்ஷிப் இரண்டு வீட்டுக்கும் வரியை ஏற்றியது, முணுமுணுத்துக்கொண்டே கட்டுகிறார்கள். 2025 குளிர்காலத்தில் மலையில் பனி சரியாகப் பெய்யாமல் தண்ணீர் வற்றியது. டிரையர் சுற்றவில்லை. மேலே அனுப்பச் சமவெளி நாட்டிடம் மின்சாரம் இல்லை. ஜெயலீலா தூக்கில் ஒரு கைப்பிடி சர்க்கரை போட்டு ஆற்றில் வைத்தார். அந்த வாரம் மலை நாட்டில் விளக்குகள் மங்கலாகத்தான் எரிந்தன. ஆனால் கரண்ட் அடுப்பில் கொதித்த தேநீர் சர்க்கரை போடாமலே இனித்தது. யாரும் புகார் கொடுக்கவில்லை.