குடிதண்ணீரில் பென்சிலின்

என் ஓரகத்தி முயல் வளர்க்கிறாள். வளர்த்தாள் என்றுதான் இனிச் சொல்ல வேண்டும். எங்களைக் கட்டிக்கொண்டவர்கள் அண்ணன் தம்பி. ஒரே வீட்டில் நாங்கள் மாடி, அவர்கள் கீழே. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு முப்பத்தாறு முயல்களைக் கூண்டில் வைத்திருந்தாள். நானும் அவளும் கீரியும் பாம்பும். காரணமா? சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில், "எங்க அக்காவுக்கு மாடுன்னா நல்லாப் புரியும், மனுஷங்கதான் புரியாது" என்றாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். பதினெட்டு வருடமாகக் கால்நடை வைத்தியம் பார்க்கிறவள் நான். அதற்குப் பிறகு ஆறு மாதம் அவளோடு பேச்சே வைத்துக்கொள்ளவில்லை.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் கூடையோடு என் கிளினிக்கில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் வந்த இரண்டு நாயையும் ஒரு பூனையையும் முதலில் பார்த்தேன். வேண்டுமென்றேதான். நிற்கட்டும், கால் வலிக்கட்டும். கடைசியில் கூடையைத் திறந்தால், முயலின் மூக்கிலும் உதட்டிலும் பொருக்குத் தட்டிய புண். வாலுக்கு அடியிலும் அதே. ஜோடி சேரும்போது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றுகிற நோய். பென்சிலின் போட்டால் அடங்கிவிடும்.

"எத்தனைக்கு இப்படி இருக்கு?"

"பதினொண்ணுக்கு."

"புண் இருக்கோ இல்லையோ, எல்லாத்துக்கும் ஊசி போடணும். தோலுக்கு அடியில. வாரம் ஒண்ணு, மூணு வாரம்."

"முப்பத்தாறுக்குமா? ஒவ்வொண்ணாப் புடிச்சுப் புடிச்சுக் குத்தணுமா? போன வருஷம் கோழிக்குத் தண்ணியில கலந்துதானே குடுக்கச் சொன்னீங்க? இத்தனை படிச்சு, சுலபமா ஒரு மருந்து தெரியாதா உங்களுக்கு?"

தெரியாதா என்று கேட்டாளே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

கோழிக்குக் கொடுத்தது வேறு வகை, என்ரோஃப்ளாக்சசின். தண்ணீரில் கலப்பதற்கென்றே வருகிற மருந்து. பென்சிலின் வகையை நாய்க்கும் பூனைக்கும் மாத்திரையாகவே கொடுக்கலாம். முயலுக்கு வாய்வழி கொடுத்தால் எமன். அதன் குடலில் குடியிருக்கும் நல்ல கிருமிகள்தான் தின்ற புல்லைச் செரிக்க வைக்கின்றன. பென்சிலின் அவற்றைக் கொன்றுவிடும், கெட்டவை பெருகி விஷம் கக்கும். நாலைந்து நாளில் கழிச்சல், பிறகு சாவு. முயலோடு வருகிற ஒவ்வொருவரிடமும் இதை மூன்று முறை சொல்வேன். "டாக்டரம்மா பாட்டை ஆரம்பிச்சுட்டாங்க" என்று என் கம்பவுண்டர் கேலி செய்வார்.

அன்றைக்கு அந்தப் பாட்டு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். கோழிகளுக்கு ஊசி போட்டுப் பழகியவள்தான் அவள். மருந்தையும் சிரிஞ்சுகளையும் மேஜையில் தள்ளி, "சீட்டுல ஊசின்னு எழுதியிருக்கு. படிக்கத் தெரியுமில்ல?" என்றேன். எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டு மாடிக் கைப்பிடி ஓரம் நின்றேன். கீழே அவள் ஒரு வாளித் தண்ணீரில் மருந்துப் புட்டியைக் கவிழ்த்தாள். தண்ணீர் வெளுத்தது. குச்சியால் கலக்கினாள். 'ஏய், அதைக் கொட்டு!' மூன்றே மூன்று வார்த்தை. சொல்லியிருந்தால் ஒன்றுகூடச் செத்திருக்காது. சொன்னால் கேட்காதவள் பட்டாவது தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். சத்தியமாக இப்படித்தான் நினைத்தேன். உள்ளே போய் வாய் கொப்பளித்தேன். அடுத்த இரண்டு நாளும் கைப்பிடிப் பக்கமே போகவில்லை.

ஐந்தாம் நாள் ஆறு முயல் செத்தது. ஏழாம் நாளுக்குள் இருபத்தொன்பது. குழி வெட்டி வெட்டிக் கொழுந்தனின் கையெல்லாம் கொப்புளம். எட்டாம் நாள், மிச்சமிருந்த ஏழில் ஒரு தாய் முயலைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓரகத்தி கிளினிக்குக்கு ஓடிவந்தாள். தலை வாரவில்லை, கண் இடுங்கியிருந்தது. இந்த முறை காக்க வைக்கவில்லை. தோலுக்கு அடியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே ஆரம்பித்தேன்.

"தண்ணியில கலந்தியா?"

"ஆமா. மூணு நாள்."

"ஊசின்னு எழுதினது கண்ணுக்குத் தெரியலையா? உன் சோம்பேறித்தனத்துக்கு இருபத்தொன்பது வாயில்லா ஜீவன் போச்சு! வாய் மட்டும் வண்டி வண்டியாப் பேசத் தெரியுது!"

நாயோடும் பூனையோடும் காத்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் கத்தினேன். அவள் கூனிக்குறுகி நின்றது எனக்கு உள்ளுக்குள் இனித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் மூச்சு வாங்கும்வரை பொறுத்திருந்து அவள் பேசினாள்.

"தப்பு என்னோடதுதான். ஆனா அன்னைக்குக் கலக்கும்போது எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. நிமிந்து பாத்தேன், நீங்க மாடியில நின்னீங்க. வாளியைப் பாத்தீங்க, ஒண்ணும் சொல்லாம உள்ள போனீங்க. தப்பா இருந்தா அக்கா சும்மா விடுவாங்களா, அங்கேருந்தே திட்டியிருப்பாங்கன்னு நினைச்சேன். அந்தத் தைரியத்துலதான் எல்லாக் கூண்டுக்கும் ஊத்தினேன்." என் முகத்தை நேராகப் பார்த்தாள். "பாத்தீங்கதானே?"

பொய் சொல்லியிருக்கலாம். தூக்கக் கலக்கம், கவனிக்கவில்லை என்றால் யார் என்னை மறுத்துப் பேசப்போகிறார்கள்?

"பாத்தேன்."

"செத்துடும்னு தெரியுமா?"

"தெரியும்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். துண்டோடு முயலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"வேற டாக்டருக்கு எழுதிக் குடுங்க. மிச்ச ஏழும் உங்க கையில வேண்டாம்."

என்ன மருந்து, எந்த வழியில், எத்தனை நாள் என்று தெரிந்தால்தான் அந்த டாக்டரால் எதுவும் செய்ய முடியும். எழுதினேன். பென்சிலின், குடிதண்ணீரில், மூன்று நாள். அதற்குக் கீழே, 'வாய்வழி கொடுக்கக் கூடாது என்று நான் எச்சரிக்கவில்லை. கலப்பதைப் பார்த்தும் தடுக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் நின்றபடியே கடைசி வரிவரை படித்தாள். பிறகு முயலை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள்.