மாமனாரைக் கண்டால் பல்லடிக்கும் நாய்

பல் செட் செய்து பிழைக்கிறவருக்குக் காது கொஞ்சம் கூர்மையாகத்தான் இருக்கும். எதிரே ஒருவர் ரொட்டி மெல்லும் சத்தத்தை வைத்தே, மேல் செட் தூக்குகிறதா கீழ் செட் ஆடுகிறதா என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவருக்குச் சொந்த வீட்டுக் கூடத்தில் கேட்ட ஒரு சத்தம் விளங்காமல் போனது கௌரவப் பிரச்சினையாகிவிட்டது. தெருவில் எல்லோரும் அவரைப் பல்லுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

சத்தம் குச்சியுடையது. பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்ற கிரேஹவுண்ட் நாய் அது. காலும் விலாவும் தவிர உடம்பில் வேறொன்றும் இல்லாததால் அந்தப் பெயர். கதவைத் திறந்ததும் ஓடி வந்து மேலே விழும் ஒரு நாய் வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே அவருக்கு ஆசை. குச்சியோ அவர் வேலை முடிந்து வந்தால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். தடவிக் கொடுத்தால் சற்று நேரம் பொறுத்துக்கொண்டு, பிறகு எழுந்து சோபாவின் மறுமுனைக்குப் போய்விடும்.

"ரேஸ் நாய்ன்னு சொன்னீங்க, சோபாவ விட்டே இறங்க மாட்டேங்குதே" என்றாள் மனைவி.

நாளெல்லாம் நான்கு காலையும் தூக்கிக்கொண்டு மல்லாந்து தூங்கும். திருடன் வந்தாலும் தொந்தரவு செய்யாது. ஆனால் தெருக்கோடியில் ஒரு பிளாஸ்டிக் பை காற்றில் புரண்டால் போதும், ஜன்னலுக்குப் பாய்ந்து காதை நிமிர்த்தி நிற்கும். மூக்கைவிடக் கண்ணை நம்பும் இனம். பை ஓய்ந்ததும் மறுபடி தூக்கம்.

இவ்வளவு சாதுவான பிராணி, மாமனாரைக் கண்டால் மட்டும் பல்லடித்தது. குளிரில் நமக்குப் பல் தந்தியடிக்குமே, அதுபோலக் கடகடவென்று. அத்தோடு விட்டால் பரவாயில்லை. கிட்டே போய்த் தன் முழுக் கனத்தையும் அவர் கால்மேல் சாய்த்தது.

மாமனார் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மாமியார் போன பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். அதிகம் பேச மாட்டார். பேசினால் கீழ் செட் ஆடி டக்டக்கென்று சத்தம் வரும். அதைச் சரி செய்து தரும்படி அவர் பலமுறை கேட்டாயிற்று. ஊருக்கெல்லாம் பல் கட்டும் மருமகன் இவரிடம் மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று கடத்திக்கொண்டிருந்தார்.

"என்னப் பாத்துப் பல்லக் கடிக்குது. கீழ தள்ளப் பாக்குது" என்றார் மாமனார், காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டு. "அது இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன். ரெண்டுல ஒண்ணு."

மனைவி சமையலறையிலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கிழமை கொண்டுபோய் விட்டுட்டு வந்துருங்க. அப்பாவையா அனுப்ப முடியும்?"

தன்னைக் கண்டுகொள்ளாத நாய்தான், இருந்தாலும் பல்லுக்காரருக்கு விட மனம் வரவில்லை. தொழில் புத்தி முதலில் பல்லைத்தான் சந்தேகப்பட்டது. கடி பார்க்கும் சிவப்பு மெழுகைப் பட்டறையிலிருந்து கொண்டுவந்து குச்சியின் வாயில் வைத்து அழுத்தினார். அது பல் டாக்டரிடம் வந்த பெரிய மனிதர் மாதிரி அசையாமல் காட்டியது. மெழுகில் பதிந்த தடத்தில் ஒரு குறையும் இல்லை.

"இவ்ளோ சுத்தமான கடி என் கஸ்டமர் ஒருத்தருக்கும் இல்ல."

"அப்ப ஞாயித்துக்கிழமை ஒரு சர்டிபிகேட்டும் சேத்துக் குடுத்து அனுப்புங்க" என்றாள் மனைவி.

மறுநாள் பட்டறைக்குப் போவதுபோல் கிளம்பிப் போய், வெளியே ஜன்னலோரம் நின்று கூடத்தை எட்டிப் பார்த்தார். மாமனார் அறைக்குள் செருப்பைத் தேய்த்த சத்தம் கேட்டதுமே குச்சி எழுந்துவிட்டது. பல்லடிப்பும் தொடங்கிவிட்டது. பல்லுக்காரர் உற்றுக் கேட்டார். கோபக்காரன் பல் நறநறக்கும். தாடை இறுகிப்போய்ப் பல் பக்கவாட்டில் தேயும். குச்சியின் தாடையோ தொளதொளவென்று தொங்கியது. காது பின்னால் படிந்திருந்தது, கண் பாதி சொருகியிருந்தது, வால் தாழ்வாக ஆடியது. இது கோபமில்லை என்று அவருக்கு நிச்சயமாகிவிட்டது. அப்படியானால் என்ன?

அங்கேயே நின்றபடி, நாயைத் தந்த பந்தயக் கொட்டகைக்காரருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"சாயுதா?" என்று கேட்டார் அவர்.

"சாயுது."

"பல்லும் அடிக்குதா?"

"அடிக்குது."

"சந்தோஷம் தாங்கலன்னா இதுங்கள்ல சிலது அப்படித்தாங்க செய்யும். மனசுக்குப் புடிச்சவங்க மேலதான் சாயும். குட்டியிலேர்ந்து நான்தான் சாப்பாடு வச்சேன், என்கிட்ட ஒரு தடவகூடப் பல்லடிச்சதில்ல. யாருங்க அந்த ஆளு?"

"என் மாமனார்."

"அப்படி என்ன பண்றாரு?"

"ஒண்ணும் பண்றதில்ல. பேசாம உக்காந்திருப்பாரு."

"அதான். சும்மா தொட்டுக்கிட்டே இருந்தா இது ஒதுங்கிப் போயிரும்."

பல்லுக்காரருக்குச் சுருக்கென்றது. ஆசைப்பட்டுக் கொண்டுவந்தவன் ஒருத்தன், அனுபவிக்கிறவர் இன்னொருத்தர் என்று பொறாமையாகவும் இருந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை நெருங்குகிறதே. உள்ளே போய் மாமனாரிடம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

மாமனாரின் கால் இன்றும் நாற்காலிமேல்தான் இருந்தது. "என்னப் பாத்தா?"

"உங்களப் பாத்துதான் மாமா."

"எதுக்கு?"

"தெரியல. நீங்க கூடத்துக்கு வந்தா அதுக்குச் சந்தோஷமா இருக்கு. அவ்வளவுதான்."

மாமனார் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் கூடத்துக்கு வந்தால் இந்த வீட்டில் யாரும் டிவியைவிட்டுத் தலையைத் திருப்பியதில்லை என்பது பல்லுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. தானும் திருப்பியதில்லை. வெட்கமாக இருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல், தெரிந்த ஒன்றைச் சொன்னார்.

"கீழ் செட்டக் கழட்டிக் குடுங்க மாமா. இன்னிக்கே டைட் பண்ணித் தந்துடுறேன்."

மாமனார் ஒரு காலை மெல்லத் தரையில் வைத்தார். பிறகு மற்றதையும் வைத்தார். குச்சி வந்து சாய்ந்தது. அவர் நகரவில்லை. தயங்கித் தயங்கித் தாடையை ஆட்டினார். கீழ் செட் டக்டக்கென்றது. குச்சி அண்ணாந்து பார்த்துக் கடகடவென்று பதிலுக்கு அடித்தது.

மாமனார் இன்னொரு முறை டக்டக்கென்றார். அதற்கும் பதில் வந்தது.

"இருக்கட்டும் மாப்ள" என்றார், மருமகனைப் பார்க்காமலே. "செட்டு இப்படியே ஆடட்டும்."