ஐந்தாம் மாடியில் ஏழு காற்றாடிகள்

1

இந்தக் கதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய பட்டியலாகப் பிறந்தது. அதைக் கதையாக்கும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை.

பட்டியலின் தலைப்பு: "கோடை விடுமுறை. வீட்டுக்குள். செலவில்லாமல்." எழுதச் சொன்னவள் என் அக்கா சோரிட்சா.

"இயற்பியல் படிச்சவதானே நீ, ஒரு திட்டம் போட்டுக் குடு பொயானா. திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் பாப்போம். பிள்ளைங்க அடிச்சுக்காம, அடிபடாம, சொகமா இருந்தா இங்கயே இருக்கட்டும். இல்லேன்னா ஞாயித்துக்கிழமை பஸ் ஏத்திடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை பஸ் சுபோதிட்சாவுக்குப் போகும். அங்கே பிள்ளைகளின் அப்பா ராஸ்த்கோ இருக்கிறார். அக்காவும் அவரும் பிரிந்து மூன்று வருடம் ஆகிறது. கோடை முழுக்கத் தன்னிடம் வந்தால் செப்டம்பரில் அங்கேயே பள்ளியில் சேர்த்துவிடுவதாக அவர் போனில் சொல்லியிருந்தார். அந்தப் பஸ் எங்கள் நிஷ் நகரத்துக்குத் திரும்பியும் வரும். பிள்ளைகள் அதில் இருக்கமாட்டார்கள்.

அக்கா ஜூனில்தான் செருப்புத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். புது ஆட்களுக்கு லீவு கிடையாது. எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை.

[இந்தப் பத்திகளை இரண்டாம் பகுதியில் வைத்திருந்தேன். எதை இழக்கப்போகிறார்கள் என்று தெரியாத கதையை நானே பாதியில் மூடிவிடுவேன். அதனால் முன்னால் கொண்டுவந்தேன்.]

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"நிஷ்ஷில் ஜூலை மாதம் நாற்பது டிகிரி வெயில், தார் உருகி..." அடித்துவிட்டேன். வெயிலைச் சொல்ல ஆளா இல்லை.

"எனக்குக் கூச்சம் அதிகம். ரொட்டிக் கடையில் முன்னால் நிற்பவர் வாங்கியதையே நானும்..." அடித்துவிட்டேன். உண்மைதான். ஆனால் கதை அதைப் பற்றியது அல்ல. பேசும்போது நான் வாக்கியங்களை முடிப்பதில்லை என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதும். எழுதும்போது முடிப்பேன்.

"ஒரு பையனுக்குக் காது வலித்தது."

இது நிற்கட்டும். ஆனால் அவனுக்குக் காது வலித்தது வெள்ளிக்கிழமை. திங்களிலிருந்து வரவேண்டும்.

3

அக்காவின் மகள் இஸ்க்ராவுக்கு ஒன்பது வயது. அவள் தம்பி ரெல்யாவுக்கு ஆறு. முதல் நாளே இஸ்க்ராவிடம் ஒரு பழைய நோட்டைக் கொடுத்தேன். "பாத்தத மட்டும் எழுது. நெனச்சத எழுதாத" என்றேன். அவள் அதைச் சட்டம்போல் எடுத்துக்கொண்டாள்.

திங்கள்: தர்பூசணித் தோலில் படகு. குளியல் தொட்டியில் விட்டோம். எத்தனை ஸ்பூன் வைத்தால் மூழ்கும்? பதினொன்று.

செவ்வாய்: தண்ணீருக்குள் சத்தம். இதைப் பிறகு சொல்கிறேன்.

புதன்: பால்கனியில் ஒரு பாட்டிலை நிறுத்தி, அதன் நிழலை மணிக்கு ஒருமுறை சாக்கட்டியால் வரைந்தோம். மதியம் நிழல் சுருங்கியதைப் பார்த்து, "பாட்டிலுக்குப் பசி" என்றான் ரெல்யா. இஸ்க்ரா அதை எழுத மறுத்துவிட்டாள். அது நினைத்தது, பார்த்தது அல்ல.

வியாழன்: குச்சியில் சுழலும் காகிதக் காற்றாடி.

கடை விளம்பரத் தாள்கள், குண்டூசிகள், இறைச்சி குத்திச் சுடும் மரக்குச்சிகள். ஏழு செய்தோம். நிற்க வைக்க இடமில்லை. கடைசியில் நடைவழியில் கிடந்த செருப்பு, பூட்ஸ் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒன்றாகச் செருகினோம். அடுக்களையிலிருந்து பால்கனி வரை ஏழு காற்றாடிகள் வரிசையாக நின்றன. ஒன்றும் அசையவில்லை.

"காத்து வேணும் சித்தி" என்றான் ரெல்யா.

எங்கள் ஊரில் எதிரெதிர் ஜன்னல்களை ஒரே நேரத்தில் திறப்பதில்லை. வீட்டுக்குள் குறுக்கே ஓடும் அந்தக் காற்றுக்கு ப்ரோமயா என்று பெயர். காது வலி, கழுத்துப் பிடிப்பு, பல் வலி, கோணிப்போன வாய், எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். ஒரு பக்கம் திறந்தால் மறுபக்கத்தை மூடிவிட்டு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கை தானாக மூடும். நான்கு வருடம் இயற்பியல் படித்த பிறகும் மூடியது.

அன்று பால்கனிக் கதவைத் திறந்தேன். பிறகு அடுக்களை ஜன்னலையும் திறந்தேன்.

"சுத்துது!" ரெல்யா குதித்தான். "சித்தி, சுத்துது! ஏழும் சுத்துது!"

வாசல் கதவு படாரென்று அடித்துக்கொண்டது. அரை நிமிடத்தில் எதிர்வீட்டு ரதோய்கா அத்தை உள்ளே நின்றார்.

"யாரு வீட்ல இடி விழுந்துச்சு? ஐயையோ, ரெண்டு பக்கமும் தெறந்து வெச்சிருக்கியா? பிள்ளைங்க முதுகெல்லாம் வேர்வ!"

"கொஞ்ச நேரம்தான் அத்தை, காத்தாடிக்கு..."

"காத்தாடி சுத்துறதுக்குப் பிள்ளைங்க காது போகணுமா?"

"வெறும் காத்து ஒண்ணும் பண்ணாதுன்னு சித்தி சொல்றாங்க" என்றாள் இஸ்க்ரா.

"உங்க சித்தியா? பஸ்ஸுல ஏறுனதும் மொத ஆளா ஜன்னலச் சாத்துறது யாருன்னு கேளு. விஞ்ஞானம் எல்லாம் அஞ்சாவது மாடியிலதான் போல."

பிள்ளைகள் இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் காற்றாடி செருகியிருந்த பூட்ஸைப் பார்த்தேன்.

4

ரதோய்கா அத்தையை முதல் படியில் வில்லியாக எழுதினேன். தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிற கை. எங்கள் கதவையும் அப்படித்தான் தட்டும். வில்லிக்கு அது பொருந்தியது. ஆனால் வியாழன் மாலை அவர் ஒரு தட்டு நிறைய, மிளகாயும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுட்ட ரொட்டியோடு வந்தார். "காத்து பட்ட பிள்ளைங்க, சூடா சாப்பிடட்டும்" என்றார். இரண்டாம் படியில் வில்லி என்ற சொல்லை எடுத்துவிட்டேன். அவர் பயந்த பெண். பயத்தோடு ரொட்டியும் கொண்டுவருவார்.

வெள்ளி மதியம் ரெல்யா வலது காதைப் பொத்திக்கொண்டு அழுதான். தொடவிடவில்லை.

சனி காலை அக்கா அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நானும் இஸ்க்ராவும் வீட்டில் இருந்தோம். பட்டியலில் சனிக்கிழமைக்கு நேரே "பிள்ளைகள் விருப்பம்" என்று எழுதியிருந்தேன். இஸ்க்ராவுக்கு அன்று ஒரு விருப்பமும் இல்லை. ஃபிரிட்ஜுக்கு எதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொரு மணிக்கு வந்தார்கள். ரெல்யாவின் காதில் பஞ்சு. உள்ளறையில் படுக்க வைத்தோம். பின்னாலேயே ரதோய்கா அத்தையும் வந்தார். அக்கா காபி கலந்தாள்.

"டாக்டரும் அதையேதான் சொன்னாங்க" என்றாள் அக்கா. "சொட்டு மருந்து குடுத்து, தண்ணி படக் கூடாது, ப்ரோமயாவும் ஆகாதுன்னாங்க."

"நான் வியாழக்கெழமையே சொன்னேன்!"

"சொன்னீங்க அத்தை. நானும் கேட்டேன்" என்றாள் அக்கா.

அக்கா என்னைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கமாகக் காபிக் கோப்பையை நகர்த்தினாள்.

"சரி விடு. ஜன்னல்தானே. இந்தப் புழுக்கத்துல யாரா இருந்தாலும் தெறக்கத்தான் தோணும். இனிமே தெறக்காத. அது போதும். பிள்ளைங்க இங்கயே இருக்கட்டும்."

[கதை இங்கே முடிந்துவிட்டது. யாரும் அழவில்லை. பஸ் இல்லை. குற்றவாளி பிடிபட்டாயிற்று, அதற்கு வாயும் கிடையாது. இந்த முடிவு போதும் என்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நானும் இங்கே நிறுத்தி ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தேன்.]

5

செவ்வாய்க்கிழமையைச் சொல்லாமல் விட்டேன்.

அன்று தொட்டியில் தண்ணீர் நிரப்பினேன். ரெல்யா தலையை முக்கினான். நான் தொட்டியின் ஓரத்தில் கரண்டியால் தட்டினேன். காற்றைவிடத் தண்ணீரில் சத்தம் எவ்வளவு கிட்டத்தில் கேட்கிறது என்று அவனே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் திட்டம். அவன் வாயெல்லாம் பல்லாக எழுந்து, "இன்னொரு தடவ" என்றான். மூன்று முறை. பிறகு நான் துண்டு எடுப்பதற்குள் ஓடிவிட்டான். நானும் துரத்தவில்லை. தண்ணீரை வெளியேற்றிவிட்டு அடுத்த நாளுக்குச் சாக்கட்டி தேடப் போனேன்.

சனிக்கிழமை, காபி நடந்துகொண்டிருந்தபோது இஸ்க்ரா என் கையைப் பிடித்து நடைவழிக்கு இழுத்தாள். நோட்டைத் திறந்து காட்டினாள்.

"செவ்வாய். ரெல்யாவின் தலை தண்ணீருக்குள். பதினாலு எண்ணும் வரை. சத்தம் கேட்டது. மூன்று தடவை. துவட்டவில்லை."

அடுத்த பக்கம்: "புதன். நிழல் 12 மணிக்கு ஒரு சாண். ரெல்யா வலது காதைச் சொறிகிறான்."

காற்றாடி வியாழக்கிழமை. சொறிந்தது புதன்கிழமை. அவள் எதையும் நினைக்கவில்லை. பார்த்ததை எழுதியிருந்தாள்.

"சித்தி," குரலைத் தாழ்த்தினாள். "இந்த ரெண்டு பக்கத்தையும் கிழிச்சிரட்டா? அம்மா பாத்தா நாங்க பஸ் ஏறணும்."

முதல் படியில், நான் உடனே "வேண்டாம்" என்றதாக எழுதியிருந்தேன். அது பொய். பதினாலு எண்ணும் நேரம் சும்மா நின்றேன். அந்த நேரத்தில் நான் நினைத்தவை:

காற்றுக்கு வலிக்காது.

அக்கா காபி கொடுத்துவிட்டாள்.

ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இந்தக் கோடையில் நான் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று. அதைக் கிழிக்கட்டுமா என்று என்னிடமே அனுமதி கேட்கிறாள்.

"கிழிக்காத" என்றேன்.

"பஸ்?"

"தெரியாது. ஆனா கிழிக்காத."

நோட்டை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனேன்.

"அக்கா, காத்து இல்ல..."

"என்ன இல்ல?"

"அது வந்து..."

"இவ என்னைக்கு முழுசா பேசியிருக்கா" என்றார் ரதோய்கா அத்தை. "உக்காரும்மா, காபி ஆறுது."

நான் உட்காரவில்லை.

"காத்து இல்லக்கா. தொட்டித் தண்ணி. செவ்வாய்க்கிழமை நான்தான் அவனத் தலைய முக்கச் சொன்னேன். துவட்டாம விட்டதும் நான்தான். புதன்கிழமையே காதச் சொறிஞ்சிருக்கான். இதுல இருக்கு."

என் வாழ்க்கையில் நான் சத்தமாகப் பேசி முடித்த மிக நீளமான பேச்சு அது.

அக்கா நோட்டை வாங்கிப் படித்தாள். திரும்ப ஒருமுறை படித்தாள்.

"புதன்கிழமையேவா?"

"ஆமா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நான் அத கவனிக்கல. இஸ்க்ராதான் கவனிச்சிருக்கா."

"நோட்டுல என்ன வேணா எழுதலாம்" என்றார் ரதோய்கா அத்தை. "டாக்டரே சொன்னப்புறம்..."

"டாக்டர் மொதல்ல தண்ணின்னுதான் சொன்னாங்க அத்தை. நான்தான் ரெண்டாவது சொன்னத மட்டும் காதுல வாங்கிட்டு வந்திருக்கேன். கொஞ்சம் சும்மா இருங்க."

அத்தை சும்மா இருந்தார். அதையும் நோட்டில் எழுதியிருக்க வேண்டும்.

அக்கா எழுந்தாள். அடுக்களை ஜன்னலுக்குப் போய் அதன் கைப்பிடியில் கை வைத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஜன்னல் மூடியிருந்தது. நடைவழியின் மறுமுனையில் பால்கனிக் கதவு காலையிலிருந்தே திறந்திருந்தது. நடுவே செருப்புகளில் ஏழு காற்றாடிகள் அசையாமல் நின்றன.

6

எங்கள் ஜன்னல் கைப்பிடிக்கு மூன்று நிலைகள். கீழ்நோக்கி இருந்தால் மூடியிருக்கிறது. பக்கவாட்டில் திருப்பினால் முழுதாகத் திறக்கும். மேல்நோக்கித் திருப்பினால் ஜன்னலின் மேற்பகுதி மட்டும் நாலு விரல் உள்ளே சாயும். ஆகவே மூன்று முடிவுகள் எழுதினேன்.

கீழே: அக்கா கையை எடுத்துவிடுகிறாள். "தண்ணியோ காத்தோ, உன்னால முடியல பொயானா" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பஸ். இஸ்க்ரா நோட்டையும் எடுத்துப்போகிறாள். அதில் ஒரு பக்கமும் குறையவில்லை.

பக்கவாட்டில்: ஜன்னல் விரியத் திறக்கிறது. ரதோய்கா அத்தை கைக்குட்டையைக் கழுத்தில் சுற்றிக்கொள்கிறார். ஆனால் எழுந்து போகவில்லை. அக்கா ஃபிரிட்ஜ் கதவில் புதுத் தாள் ஒன்றை ஒட்டுகிறாள். முதல் வரியில் அவளே எழுதுகிறாள்: துண்டு.

மேலே: நாலு விரல். இன்னும் ஒரு வாரம். தினமும் வேலை முடிந்து வந்ததும், காலில் இருக்கிற செருப்பைக் கழற்றும் முன்னால், நோட்டைப் படிப்பாள். காற்றாடிகளில் அடுக்களை வாசலுக்கு அருகிலிருப்பவை இரண்டு மட்டும் கொஞ்சம் யோசித்துத் திரும்பும். அவளும் நானும் பெரும்பாலும் இந்த நிலையில்தான் இத்தனை வருடம் இருந்திருக்கிறோம்.

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். நான் அங்கேதான் நின்றேன். சொல்லப்போவதில்லை. தைரியம் இல்லாமல் அல்ல. இந்தக் கதையில் நான் முடிக்கவேண்டியிருந்தது ஒரு வாக்கியம். அதை முடித்துவிட்டேன். கைப்பிடி திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் அந்த வாக்கியம் மாறாது.

ஆனால் ஒருவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ரெல்யா உள்ளறையில் படுத்திருக்கிறான். அங்கிருந்து நடைவழி தெரியாது. அடுக்களையில் திடீரென்று பேச்சு நின்றுபோனது அவனுக்குப் பிடிக்கவில்லை.

"சித்தி!" என்று கத்துகிறான். "சுத்துதா?"

நான் அடுக்களையில் அக்காவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நடைவழியில், செருப்புகளுக்கு நடுவே நிற்பவர் நீங்கள். உங்களுக்குத்தான் தெரிகிறது. அவனிடம் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக. ஒரு காதில் பஞ்சு இருக்கிறது.