இருபத்துமூன்று குதிரைகள்

வெள்ளிக்கிழமை காலை வந்த தபாலைப் பிரித்த வெர்னா டில்லட்சன் அதை இரண்டாம் முறையும் படித்தாள். வாஷிங்டன் ஆவணக் காப்பகம் மூன்று மாதம் தாமதமாக அனுப்பிய ஒற்றைத் தாளின் நகல். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அவர்கள் ஊரிலிருந்து போன குதிரைப்படைப் பிரிவின் குதிரைக் கணக்கு. 1864 செப்டம்பர் 27 அன்று சவாரிக்கு லாயக்கான குதிரைகள் இருபத்துமூன்று.

அன்றுதான் டென்னசி ஆற்றுத்துறையில் அந்தச் சண்டை. அதில் குதிரையேறிப் பாய்ந்து போரிட்டவர்கள் என்று நாற்பத்தொரு பெயர்களைச் செதுக்கிய கல், கோர்ட் புல்வெளியில் தார்ப்பாய் மூடி நின்றது. ஞாயிற்றுக்கிழமை திறப்பு. பட்டியல் வெர்னாவுடையது; ஊரின் பழைய காகிதங்களைச் சேர்த்துவைத்துத் தேடித்தருவது அவள் வேலை.

தவறு எங்கே என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. படையில் ஆள் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுப்பார்கள். அக்டோபர் 31 அன்று வரிசையில் நின்றவனுக்கு ‘ஆஜர்’ என்று போடுவார்கள். அது அந்த ஒரு நாளுக்குத்தான் செல்லும். தலைப்பில் ‘செப்டம்பர், அக்டோபர்’ என்று இருந்ததைப் பார்த்து, அவள் இரண்டு மாதத்துக்குமாக எடுத்துக்கொண்டாள். முன்னோரைத் தேடி வருகிறவர்களிடம் முப்பது வருடமாக அவளே எச்சரித்து வந்த தவறு. குதிரை செத்துப்போனவர்களும் குதிரை நொண்டியாகிவிட்டவர்களும் நாஷ்வில் முகாமுக்கு நடந்துபோய்ப் புதுக் குதிரைக்குக் காத்திருப்பது அந்தக் கால வழக்கம். அப்படிப் பதினெட்டு பேர் அன்று அங்கே இருந்திருக்கிறார்கள்; பெயர்கள் தாளிலேயே இருந்தன. அவர்களைக் கூட்டிப்போனவர் பெயரும் தாளின் அடியில் இருந்தது: கேப்டன் ஏமஸ் ஸ்டக்கி. கல்லின் உச்சியில், ‘தலைமையேற்றுப் பாய்ந்தவர்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும் அதே பெயர்.

கேப்டனின் கொள்ளுப்பேரன் ராய்ஸ்தான் விழாக் குழுத் தலைவர். நாளைய பேப்பரில் பட்டியல் வருகிறது. இன்று பிற்பகல் மூன்று மணிக்கு அச்சு. அறுப்பு முடிந்த சோளக் காடுகளின் நடுவே அவள் ராய்ஸின் பண்ணைக்குக் காரை ஓட்டினாள்.

ராய்ஸ் அறுப்பு இயந்திரத்துக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தார்.

“என்னம்மா வெர்னா, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு? ஞாயித்துக்கிழமை மழைன்னு மட்டும் சொல்லிடாத.”

அவள் தாளை நீட்டினாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு படித்தார். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

வீட்டுக்குள் போய் ஒரு உறை கொண்டுவந்தார். கேப்டன் தன் மனைவிக்கு எழுதிய கடிதம்: நாஷ்வில், செப்டம்பர் 28. இன்னும் குதிரை வரவில்லை, நம் பையன்கள் நேற்று சண்டை போட்டார்களாம், சார்ஜென்ட் ப்ரூயெட் நடத்தினானாம். அப்பா செத்தபோது அலமாரியில் கிடைத்தது, பத்தொன்பது வருடமாகிறது என்றார் ராய்ஸ்.

“நீ பட்டியலைக் கொண்டாந்து வெச்சப்ப அப்பாடான்னு இருந்துச்சு. கவர்ன்மென்ட் காகிதமே சொல்லுது, நான் எதுக்கு வாயத் தொறக்கணும்?”

“கல்லுல ப்ரூயெட் பேரு முப்பதாவதா இருக்கு, ராய்ஸ். அவர்தான் நடத்தியிருக்காரு.”

“யாரு போய் குதிரைய எண்ணப் போறா?”

“நான் எண்ணிட்டேனே.”

 அவர் குரலைத் தாழ்த்தினார். “கெடப்போறது உன் பேரு. எங்க கொள்ளுத்தாத்தா செத்து நூறு வருஷம் ஆச்சு. நாளைக்கு எவனாவது தன் குடும்பத்துக் காகிதத்த நம்பி உன்கிட்ட குடுப்பானா?”

அதைத்தான் வழியெல்லாம் அவளும் நினைத்துக்கொண்டு வந்தாள். காரில் ஏறினாள். மணி இரண்டு நாற்பது. பேப்பர் ஆபீஸ் எண்ணை அழுத்தினாள்.

பட்டியல் தவறு, பதினெட்டு பேரை எடுக்கவேண்டும் என்றாள். எடிட்டர் டுவைட் நம்பவில்லை. கல் நட்டாகிவிட்டதே என்றான். கேப்டனும் அந்தப் பதினெட்டில் உண்டு, சண்டையை நடத்தியவர் ப்ரூயெட் என்று சொல்லி, காப்பகத் தாளின் எண்ணைக் கொடுத்தாள். ராய்ஸ் வீட்டுக் கடிதத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. அதைக் காட்டுவதும் காட்டாததும் அவர் இஷ்டம்.

“யாரு பண்ண தப்புன்னு போடறது? குழுன்னு போட்டுடவா?” என்றான் டுவைட்.

ராய்ஸ் கார் கண்ணாடிக்கு அருகில் வந்து நின்றிருந்தார். உறை இன்னும் கையில் இருந்தது. கண்ணாடி பாதி இறங்கியிருந்தது.

“என் பேரப் போடு. முழுப் பேரு,” என்றாள் வெர்னா.

 ராய்ஸ் திரும்பிப் போய் இயந்திரத்துக்கு அடியில் படுத்தார். ஸ்பேனர் சத்தம் மட்டும் கேட்டது.